சித்தூர் மண்டித் தெருவை எழுதியபோது

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பலகை உண்டு. நிலக்கரி மூட்டை சுமந்த ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்று பெயரோடு போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் மந்திரி வந்து ரிப்பன் வெட்டினால்தான் கல்லில் பெயர் ஏறும். குடிவந்த புதிதில் வீட்டுக்காரம்மாவிடம், "இவர் பேரப்பிள்ளைகளுக்கு இது சங்கடமாக இருக்காதா?" என்று அரைகுறை டச்சில் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "பயப்படாதே, அவர் இந்த வீட்டில் சாகவில்லை, ஆஸ்பத்திரியில்தான்" என்றார். பேய்க்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. விளக்கிச் சொல்ல என் டச்சு போதவில்லை, விட்டுவிட்டேன்.

அந்தப் பலகையைத் தினம் பார்த்துத்தான் சித்தூர் வெல்ல மண்டித் தெருவைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஆசை வந்தது. என் நைனா அங்கேதான் மூட்டை தூக்கினார். அப்போது எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இப்போது கங்காதர நெல்லூரில் கழனி, போர், மாமரம் என்று நாலு பேர் மதிக்கிற விவசாயி. பழசைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். மண்டிக்காரர்களைக் கேட்டு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அண்ணனிடம் சொன்னதும், "ஊரே மறந்துபோச்சி, நீ இன்னாத்துக்குத் தோண்டிகினுகீற? நைனா தலைகுனியணுமா?" என்று கத்தினான். எனக்கும் அதே பயம்தான். ஒரே தைரியம், புத்தகம் தமிழில் இருந்தது. நைனா வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது.

திருப்பதியில் ஒரு சின்ன ஹாலில் வெளியிட்டோம். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, வந்தவர்களில் பாதிப் பேர் நைனாவைப் போலத்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு அம்மா, "தமிழ் பேசுவோம், படிக்கறது ராது, வராதும்மா. நீயே படிச்சிக் காட்டு" என்றார். முன்வரிசையில் நைனா. அவர் வரும் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று புரட்டினேன்.

"நான் மூட்டை தூக்கனது வருதாமே, மண்டிக்காரங்க சொன்னாங்க. அத்தப் படி பாப்பா" என்றார் நைனா.

படித்தேன். நிலமில்லாததை, தோள் காய்த்துப்போனதை, எல்லாவற்றையும். முடித்த பிறகு நிமிர்ந்து பார்க்கவே பயம்.

"இன்னா பாப்பா, எம்பேர மட்டும் போட்டுகீற?" நைனா எழுந்து நின்றிருந்தார். "எங்கூட தூக்கனவங்க பேரெல்லாம் எங்க? நான் ஒண்டியா தூக்கன மாதிரி கீது. அவுங்க பாத்தா சிரிக்க மாட்டாங்க?"

அங்கேயே நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணன் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ, அப்பாடா, மாசக்கணக்கில் தொலைந்த தூக்கமெல்லாம் அந்த நாற்காலியிலேயே வந்துவிடும் போலிருந்தது. வீடு திரும்பும்போது, "தெலுங்குலயும் போடு, நானே படிச்சிக்கிறேன்" என்றார்.

இங்கே திரும்பி வந்து தெலுங்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நைனா வரும் இரண்டு பக்கத்தை முதலில் முடித்து அவருக்கு அனுப்பினேன். பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். இன்று காலை வீடியோவில் கூப்பிட்டேன். இங்கே எட்டு மணியாகியும் விடியவில்லை. அங்கே கழனியில் உச்சி வெயில். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது, பக்கத்துக் கழனிக்காரர் வரப்பில் வந்தார். "வாண்ணா, எங்க மண்டிக் கதை, கேளு" என்று போனை மரத்தடியில் வைத்துவிட்டு, அவருக்கு முதலிலிருந்து சத்தமாகப் படித்துக்காட்டினார். நான் இருப்பதையே மறந்துவிட்டார். திரையில் மாங்கிளையும் வெயிலும் மட்டும்தான் தெரிந்தன. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு, போனை அணைக்காமல், இருட்டில் தெருவில் இறங்கினேன்.