சிவப்பு நாடா

அந்த பேட்டரித் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் உப்பக்கா. கிண்டலாக வைத்ததுதான். லித்தியம் செல் செய்கிறவர்களுக்கு முன்பக்கம் குளுகுளு கூடம், கண்ணாடிக் கதவு. சோடியம் செல் செய்கிற அவளுக்குக் கழிப்பறையை ஒட்டி ஓர் அறை. சோடியம் என்பது உப்பில் இருக்கிற சரக்குதானே, உப்பு பெறாத வேலைக்கு இந்த இடம் போதும் என்று நினைத்துவிட்டார்கள். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? அறைக் கதவில் சாக்பீஸால் ‘உப்புக்கடை’ என்று தானே எழுதி வைத்தாள்.

வேதியியல் படித்தவள். முதலில் அந்தக் கண்ணாடிக் கூடத்தில்தான் சேர்ந்தாள். லித்தியம் விலை ஏறும்போதெல்லாம் முதலாளி தலையில் கை வைத்து உட்காருவதைப் பார்த்துவிட்டு, கடல் முழுக்கக் கொட்டிக் கிடக்கிற சரக்கை வைத்துச் செய்தால் என்ன என்று கிளம்பினாள். சோடியம் கொஞ்சம் பருமனான ஆசாமி. லித்தியம் சுலபமாகப் புகுந்து வருகிற கரிக்குள் அது புகாது. அதற்கு வேறு கரி வேண்டும், அடுக்குகள் கலைந்து, நடுவே பொந்துகள் விழுந்த கரி. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் படாமல் உலையில் சுட்டு, மாவாக அரைத்து, பசையில் குழைத்து, மெல்லிய அலுமினியத் தகட்டில் தடவினாள். சூடு குறைந்தால் ஏற்றிய மின்சாரம் முழுதாகத் திரும்பி வராது. கூடிப்போனால் அடுக்குகள் நெருங்கி வழியை அடைத்துவிடும். எத்தனையோ உலை கருகி வீணாய்ப் போனது.

“அடுப்புல கருக்கினா எல்லாரும் திட்டு வாங்குவாங்க. நீ ஒருத்திதான் சம்பளம் வாங்குற” என்பார் தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவர்.

ஒரு வழியாகக் கரி அமைந்தது, செல்லும் அமைந்தது. வீடுகளில் சூரிய மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் வியாபாரி ஒருவர், மாதிரிக்கு ஒரு பெட்டி கேட்டார். பெட்டியில் அடுக்குமுன் அவள் ஒவ்வொரு செல்லிலும் இருந்த மின்சாரத்தைப் பூஜ்யம் வரை வடித்து வைத்தாள். சோடியம் செல்லில் அது ஒரு வசதி. சுத்தமாகக் காலி செய்துவிட்டால் வழியில் எப்படிக் குலுங்கினாலும் பயமில்லை. ஆனால், இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு! தப்பு அவளுடையதுதான்.

பெட்டி வெளியே போகுமுன் பரிசோதகர் மீட்டர் வைத்துப் பார்ப்பார். பூஜ்யம் காட்டினால் அந்த செல் செத்தது என்று அர்த்தம். சிவப்பு நாடா ஒட்டிவிடுவார். நாடா ஒட்டியதை யாரும் சார்ஜில் மாட்டக் கூடாது. அது வெறும் முரட்டுச் சட்டம் இல்லை. லித்தியம் செல்லில் ஒரு பக்கத் தகடு செம்பு. அடியோடு வடித்துவிட்டால் செம்பு கரையும். மறுபடி ஏற்றினால் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே குறுக்கே பாய்ந்து தீப்பிடிக்கும். அப்படி ஒரு தீயில்தான் பரிசோதகருடைய வலது உள்ளங்கைத் தோல் சுருங்கிப் போயிருந்தது. எல்லாருக்கும் அவர் நாடா அண்ணன்.

பெட்டி முழுக்கப் பூஜ்யம். நாடா அண்ணன் ஒன்று விடாமல் ஒட்டிவிட்டார். வியாபாரி வந்து பெட்டியைத் திறந்தார். ஒரே சிவப்பு. “அப்புறம் பாக்கலாம்” என்று டீயைக் குடித்துவிட்டுப் போயே போய்விட்டார்.

முதலாளி அவளை வரச் சொன்னார். “மானம் போச்சும்மா. அந்த அறையை ஸ்டோர் ரூமா மாத்திடலாம். நீ முன்னாடி வந்து சூப்பர்வைசரா உக்காரு, சம்பளமும் கூட. சாவியைக் குடு.”

“செல் எதுவும் சாகல சார். நான்தான் காலி பண்ணி வெச்சேன்.”

“செத்ததுக்கு இப்படி ஒரு பேரா?”

அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

“உங்க சூப்பர்வைசர் நாற்காலி யாருக்கு சார் வேணும்? நானும் சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடுறேன்.”

பெட்டியிலிருந்து ஒரு செல்லை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சோதனை மேசைக்குப் போனாள். முதலாளியும் பின்னாலேயே வந்தார். நாடா அண்ணன் குறுக்கே நின்றார்.

“வேணாம்மா. இந்தக் கையைப் பாரு.”

“பாத்திருக்கேன் அண்ணே. உங்களைச் சுட்டது செம்பு. இதுல செம்பே கிடையாது, ரெண்டு பக்கமும் அலுமினியம். காலியானாலும் அது கரையாது.”

“வெடிச்சா?”

“வெடிச்சா என் கைதானே போகும்? இது மேல கையை வெச்சுக்கிட்டே நிக்கிறேன்.”

அவர் போய் மணல் வாளியைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சார்ஜ் மெஷினில் மாட்டினாள். ‘செல் இல்லை’ என்றது மெஷின்.

“மெஷினே சொல்லுது பாரு” என்றார் முதலாளி.

“லித்தியத்துக்குப் பழகின மெஷின் சார். அதுக்கும் நாமதான் சொல்லிக் குடுக்கணும்.” மெஷின் ஏற்றுக்கொள்ளும் வோல்ட்டின் கீழ் எல்லையைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மின்சாரத்தைக் கொஞ்சமாக விட்டாள். உள்ளே அவளுக்கும் பயம்தான். பூஜ்யத்திலிருந்து எத்தனையோ செல்லை மீட்டவள். ஆனால் இவை குப்பைக்குப் போகிற சரக்கு என்று கண்டபடி தூக்கிப் போடப்பட்டவை. உள்ளே எது நசுங்கியதோ, யார் கண்டார்? கையை மட்டும் எடுக்கவில்லை.

எண் அசைந்தது. ஒரு வோல்ட். இரண்டு. டீ வந்து ஆறிப்போனது. போனை நோண்டிக்கொண்டிருந்த முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல் நிறைந்தது. திரும்ப வடித்தபோது, பெட்டியில் வைக்குமுன் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவையும் கொடுத்தது.

நாடா அண்ணன் அவள் கையை விலக்கிவிட்டு, சுருங்கிய தன் உள்ளங்கையைச் செல் மேல் வைத்தார்.

“சூடே இல்லியேம்மா.”

பிறகு நகத்தால் நாடாவை உரித்து அவளிடம் கொடுத்தார். ஒட்டிய நாடாவை அவர் உரித்து யாரும் பார்த்ததில்லை. “மிச்சத்தையும் ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்துடலாம் சார்” என்றார்.

“பாக்கலாம். ஆனா இது லித்தியத்தை விட கனமாச்சே” என்று இழுத்தார் முதலாளி.

“வீட்டு மூலையில நிக்கப்போற பேட்டரி சார். அந்த வியாபாரி என்ன, இடுப்புலயா தூக்கி வெச்சுக்கப் போறார்? போனைப் போடுங்க.”

முதலாளி ஒரு கையால் போனைக் காதில் வைத்தார். சாவி ஞாபகம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது, மறு கையை அவள் பக்கம் நீட்டினார். அந்தக் கையில் அவள் சிவப்பு நாடாவை வைத்துவிட்டு உப்புக்கடைக்கு நடந்தாள். சாவி அவள் கோட்டுப் பையிலேயே இருந்தது.