ஆர்டித் அக்காவின் ஒரு மணி நேரம்

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேசினோவில் காலை ஷிஃப்டில் காபித் தட்டு ஏந்துகிறேன். சூதாடுகிறவர்கள் மேல் எனக்குத் துளி மரியாதை கிடையாது. வீட்டு வாடகையை மெஷினுக்குள் திணித்துவிட்டு, எனக்கு டிப்ஸ் தர ஒரு டாலர் இல்லையென்று பல்லைக் காட்டுகிற ஜென்மங்கள். ஆர்டித் அக்கா மட்டும் வேறு ரகம்.

இதே ஹெண்டர்சன் ஊரில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அரை நிமிஷம் முந்தியும் கிளப்பமாட்டார், பிந்தியும் நிற்கமாட்டார். சொன்ன சொல்லும் அப்படித்தான். இப்போது எழுபத்து மூன்று வயது, வீட்டில் தனியாள். தினமும் காலை ஒன்பதுக்கு வருவார். கைப்பையில் அறுபது டாலரும் கோழிமுட்டை வடிவத்தில் ஒரு சமையலறை டைமரும் இருக்கும். எங்கள் கூடத்தில் கடிகாரமே கிடையாது, முதலாளிகளுக்கு அதுதான் வசதி. அக்கா டைமரைத் திருகி மெஷின் மேல் வைப்பார். ஒரு மணி நேரம். மணியடித்தால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவார். அதற்குள் அறுபதும் கரைந்தால் அன்றைக்கு அதோடு சரி.

உட்காரும் இடத்திலும் கறார். கழிப்பறைப் பக்கம் மூன்று பழைய போக்கர் மெஷின்கள் உண்டு; திரையில் ஐந்து சீட்டு விழும், வேண்டாததைப் போட்டுவிட்டு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். மூன்றும் இரண்டுமாகச் சீட்டு சேரும் ஃபுல் ஹவுசுக்கு ஒன்பது மடங்கு, ஐந்தும் ஒரே இனமாக வரும் ஃப்ளஷுக்கு ஆறு மடங்கு தரும். வாசலில் மினுக்குபவை எட்டும் ஐந்தும்தான். அதே சீட்டு, ஆட்டத்துக்கு அதே ஐந்து கால் டாலர். குறைகிற அந்த ஒன்றில்தான் ஆளை உரித்துவிடுவார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மெஷின் மேலிருக்கும் பரிசுப் பலகையைப் படிப்பதேயில்லை.

ஒருநாள் கேட்டேன். "இதுல என்னக்கா லாபம்?"

"லாபமா? தப்பே பண்ணாம ஆடினாக்கூட மணிக்கு ரெண்டு டாலர் சொச்சம் போகும், டார்லா."

"அப்புறம் எதுக்கு வந்து உக்கார்றீங்க?"

"சினிமாவுக்குப் போனா இதைவிட ஜாஸ்தி. அங்க இருட்டுல சும்மா உக்காரணும். இங்க ஒரு மணி நேரத்துல நானூறு தடவை எதை வெச்சுக்கறது, எதைப் போடறதுன்னு நானே முடிவு பண்றேன். வேற எங்கடி என்னை யாரு கேக்கறா?"



போன மார்ச்சில் அவருடைய மகன் கர்டிஸ் பாய்சி நகரத்திலிருந்து வந்து இறங்கினான். ஐம்பது வயசு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். அம்மா சூதில் சீரழிகிறாள், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து கீழ்த்தள அறையில் இருக்கட்டும் என்று ஒரே பிடிவாதம். நான்கு நாள் அரித்தெடுத்திருக்கிறான். ஐந்தாம் நாள் காலை அக்கா அவனை நேராக இங்கே கூட்டிவந்துவிட்டார்.

"டார்லா, நீ சாட்சி," என்றார். "இவன் ஒரு மணி நேரம் என் பக்கத்துல இருக்கப் போறான். மணியடிச்சதும் இவன் நெஞ்சைத் தொட்டு, 'உன் நேரம் வீணாப் போச்சும்மா'ன்னு சொல்லட்டும். நான் இன்னிக்கே பெட்டி கட்டறேன்."

 அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான், மாற்றமாட்டார். அவன் வாயில் சொல் தயாராக இருப்பது மூஞ்சியிலேயே தெரிந்தது.

டைமர் ஓடத் தொடங்கியது. கர்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். பத்தாவது நிமிஷம் ஸ்டூலை இழுத்துப் போட்டான். கால் மணி ஆனபோது அக்காவுக்கு ஐந்தும் ஆட்டின் சீட்டாக விழுந்தது. பத்து, ஜாக், ராணி, ராஜா, கூட ஒரு மூன்று. அப்படியே வைத்துக்கொண்டால் அதுவே ஃப்ளஷ், ஏழரை டாலர் நிச்சயம். அக்கா மூன்றைத் தூக்கிப் போட்டார். ஆட்டின் ஏஸ் வந்தால் ராயல், மெஷினின் பெரிய பரிசு, ஆயிரம் டாலர். வந்தது கிளாவர் நாலு. ஒன்றுமில்லை.

"என்னம்மா இது, கைக்கு வந்ததைத் தூக்கிப் போடறே?"

"நூறு தடவை இதே சீட்டு விழுந்தாலும் நூறு தடவையும் மூணைத்தான் போடுவேன்," என்றார் அக்கா. அடுத்த சீட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் காபி தளும்பியது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா அந்தப் பெண்பிள்ளையைப் பார்க்க.

"சும்மா எப்படி இருக்குன்னு பாக்கறேன்," என்று கர்டிஸ் பக்கத்து மெஷினில் இருபது டாலரைச் செருகினான். இரண்டு ஆறு வந்தது, கூடவே ஒரு ஏஸ். மூன்றையும் பிடித்து வைத்தான்.

"ஏஸை விடுடா. ரெண்டு ஆறை மட்டும் வெச்சுக்கோ, மூணு புதுச் சீட்டு வரும்."

"ஏஸும்மா இது. எப்படி விடறது?"

"பேரு பெருசுன்னு வெச்சுக்கறியே, அதுக்கு இங்க என்ன வேலை?"

அவன் விடவில்லை. முதல் இருபது போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவதைச் செருகும்போது டையைத் தளர்த்தியிருந்தான்.

டைமர் அடித்தது. அக்கா அந்த நொடியே பொத்தானை அழுத்தி, மீதிப் பணத்துக்கான ரசீதை உருவிக்கொண்டு எழுந்தார். ஒன்பது டாலர் நஷ்டம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகன் முன்னால் போய் நின்றார். 

"மணியடிச்சாச்சு, கர்டிஸ். சொல்லு. என் நேரம் வீணா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரும்மா. இன்னும் பத்தே நிமிஷம். இப்பதான் சூடு பிடிக்குது."

 அக்கா டைமரைப் பத்து நிமிஷத்துக்குத் திருகி அவன் மெஷின் மேல் வைத்தார். நின்றபடியே என் தட்டிலிருந்து ஒரு காபி எடுத்துக் குடித்தார். மணி மறுபடி அடித்தது. கர்டிஸ் நான்காவது இருபதைத் தேடிப் பர்சைத் துழாவிக்கொண்டிருந்தான்.

அக்கா குனிந்து அவன் கையைப் பிடித்தார். பஸ்ஸில் தூங்கிப்போன பிள்ளையை எழுப்புகிற மாதிரிதான். "எந்திரிடா. உன் ஸ்டாப் வந்துருச்சு."

அவன் தலைநிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான், காலியான பர்சைப் பார்த்தான். காது வரை சிவந்துவிட்டது.

"நீ இங்கேயே இரும்மா," என்றான் மெதுவாக.

மறுநாள் அவனை விமானம் ஏற்றிவிட்டு நேராக இங்கே வந்தார். மெஷின் மேல் வைக்க டைமர் இல்லை.

"அவன் பையில போட்டுட்டேன்," என்றார். "எனக்கு எதுக்கு? அவனுக்குத்தான் வேணும்."

இப்போது மணி சொல்வது என் வேலை. என் கைக்கடிகாரத்தில் பத்து ஆனதும் தட்டோடு அவர் பக்கம் போகிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துவிடுகிறார்.