சீசாவில் நான் கொண்டுபோனது

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது. நான் குரும்பலூரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். வயது முப்பத்திநாலுதான், ஆனால் தொந்தி ஐம்பது வயசுக்காரனுக்கு உரியது. செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். “சோத்தைக் குறைங்க, இனிப்பைத் தொடாதீங்க, தினம் நடங்க. இல்லேன்னா காலை எடுக்க வேண்டி வரும்” என்றார்.

பயந்துபோனேன். மறுநாளே பத்தியம் தொடங்கியது. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். எனக்கென்று தனியாகக் கேழ்வரகுக் களி, கீரை, மோர் என்று அவள் செய்து கொடுப்பாள். எனக்குக் குறைத்த சோற்றை அவள் சாப்பிடுவாள்.

காலையில் நடக்கப் போவேன். முதல் வாரம் ஏரிக்கரை ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் கரையை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆடி பிறந்தபோது பெரம்பலூர் வரைக்கும் நடந்தே போய், நடந்தே திரும்பினேன். புண் ஆறியது. பழைய சட்டை தொளதொளவென்று ஆனது.

மாதம் ஒரு தடவை சிறுநீரைச் சீசாவில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கம்பவுண்டர் அதில் சில சொட்டை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவார். சர்க்கரை அதிகமென்றால் செங்கல் நிறம். குறையக் குறைய மஞ்சள், பச்சை. சர்க்கரையே இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். சித்திரையில் எனக்குச் செங்கல். ஆடியில் மஞ்சள். புரட்டாசியில் பச்சை. கம்பவுண்டர் அந்தக் குழாயைத் தூக்கி மற்ற நோயாளிகளுக்குக் காட்டினார். “வாத்தியாரய்யாவைப் பாத்துக் கத்துக்குங்க!” எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. மச்சினன் வீட்டு விருந்தில் அதிரசத்தைப் பார்த்தேன். ஒன்று என்று ஆரம்பித்து எத்தனை தின்றேன் என்று எனக்கே தெரியாது. மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் சோதனைக்குப் போகவேண்டும். கம்பவுண்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு குறுக்குவழி தோன்றியது. மனைவியிடம் சீசாவை நீட்டினேன்.

“என்னங்க இது கூத்து? உங்களதையே கொண்டு போங்க.”

“இந்த ஒரு தடவை மட்டும். மானம் போயிடும்.”

“வேணாங்க, சொன்னாக் கேளுங்க.”

கோபித்துக்கொண்டேன். சீசாவை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்து கொடுத்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் காய்ச்சினார். நீலம் நொடியில் மாறி, அடர்ந்த செங்கல் நிறமாகித் திப்பிதிப்பியாக அடியில் இறங்கியது. அவர் முகம் சுருங்கியது.

“என்னங்கய்யா இது! முதல் தடவைகூட இவ்வளவு இல்லையே. பலகாரம் தின்னா இப்படி வராதே!”

“அது என்னுது இல்லீங்க” என்றேன்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அவள் பெரிய சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன். ரவிக்கையின் கை கொடிக்கயிற்றில் தொங்குவதுபோல் தொங்கியது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ‘நீயும் என்கூடச் சேர்ந்து இளைச்சுட்டியே, நல்லதுதான்’ என்று ஒரு மாதம் முன்னால் சிரித்தவன் நான்.

“உனக்குத் தெரியுமா?”

“ஆவணியிலயே தெரியும். நான் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்ச்சுது.”

“ஏன் சொல்லல?”

“உங்களுக்குத்தான் நல்லாயிக்கிட்டு வந்துச்சே. ரெண்டு பேரும் படுத்துட்டா யாருங்க பாக்குறது?”

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். அந்த வயதில், அந்த ஒல்லி உடம்பில் வரும் சர்க்கரை வேறு மாதிரி. பத்தியத்துக்கும் நடைக்கும் கட்டுப்படாது, இன்சுலின் ஊசி ஒன்றுதான் வழி என்றார்கள். யுத்தத்தில் அந்த மருந்து ஒரு வாரம் கிடைத்தால் அடுத்த வாரம் கிடைக்காது. நானும் திருச்சிக்கும் ஊருக்குமாக அலைந்தேன். தை மாதம் ஒருநாள் மத்தியானம் நினைவு தப்பியவள், மறுநாள் போய்ச் சேர்ந்தாள். வயது இருபத்தாறு.

எனக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. இன்றைக்கும் நடக்கிறேன், டாக்டர்கள் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். முன்பே பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் தினமும் என் தொந்தியையே அளந்துகொண்டிருந்தவன், எனக்குக் களி கிண்டிப் போட்ட அந்தக் கை மெலிந்துகொண்டே வந்ததை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை என்பதை இத்தனை வருஷ நடையில் எந்த மைலிலும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.