பழனியின் பதினோரு நிமிட விமர்சனம்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பழனிக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்து வளர்ந்தது உளுந்தூர்பேட்டை. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் ஒரே காயினில் முக்கால் மணி நேரம் ஆடியவர் என்பது, அவரே சொல்லிச் சொல்லி ஊருக்குத் தெரிந்த செய்தி. கிளட்ச் பழக வருகிறவர்கள்கூட முதல் நாளே அதைக் கேட்டுவிடுவார்கள்.

போன மாதம் அந்த மெஷின்களை வைத்தே ஒரு படம் வந்தது. மூடிக்கிடந்த கேம் கடையின் மெஷினுக்குள் வேற்றுக் கிரகவாசி ஒருவர் சிக்கிக்கொள்கிறார். ஒரு காலத்தில் அங்கே ஆடிய நாலு தொப்பைக்காரர்கள் ஆட்டத்தை ஜெயித்து அவரை ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். சென்னை விமர்சகர்கள் ஒருவர் விடாமல் கிழித்தார்கள். ‘பழைய நினைப்பை மட்டும் நம்பிய படம். விஞ்ஞானமும் இல்லை, சிரிப்பும் இல்லை’ என்று ஐந்துக்கு இரண்டு போட்டார் ஒருவர்.

தன்னுடைய மார்க்கே குறைந்துபோனதுபோல் பழனி கொதித்தார். போனை ஸ்கூல் கார் பானட்டில் சாய்த்து வைத்துப் பதினோரு நிமிடம் பேசி யூடியூபில் ஏற்றினார். கதைக்கு ஒரு நிமிடம். மீதிப் பத்தும், ஹீரோ ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த விதம் சரியா தப்பா என்பதற்கு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் லைசென்ஸுக்குக் காத்திருப்பவர்கள். ‘அண்ணா, படம் நல்லா இருக்கா, இல்லையா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே பழனி இரண்டாம் தடவை படத்துக்குப் போனார், மனைவி சந்தியாவையும் கூட்டிக்கொண்டு.

சந்தியா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். படம் விட்டு வெளியே வந்ததும் பழனி போனை அவள் பக்கம் திருப்பினார்.

“எப்பிடி இருந்துச்சி, சொல்லு.”

“ரெண்டு மணி நேரமா அந்த ஆளுக்காக அடிச்சிக்கிறானுங்க. சாப்ட்டியான்னு ஒருத்தன் கேட்டானா? ஒரு பொண்ணு வருது, கை தட்டிட்டுப் போவுது. அதயும் ஆட வுட்டா இன்னா?”

அவ்வளவுதான், இருபது விநாடி. அதையும் யூடியூபில் ஏற்றினார். மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பழனி வாழ்த்தினார், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

“கேமப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?” என்றார் சாப்பிடும்போது.

“உங்க உளுந்தூர்பேட்டை கடைய எனக்கும் தெரியுங்க. டைப்ரைட்டிங் கிளாஸ் முடிஞ்சி நானும் தம்பியும் அங்க வருவோம். அவன் உள்ள ஆடிக்கினு இருப்பான். நான் அவன் பைய புடிச்சிக்கினு வெளியில நிப்பேன். பொட்டப்புள்ளைங்க வரக்கூடாதுன்னுட்டாரு கடைக்காரரு.”

பழனி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். அந்த வாசலில் பையோடு யாராவது நின்றார்களா என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை. அவர் எப்போதும் திரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை சேலத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மாலில் பழைய மாதிரி மெஷின்கள் இருந்தன. கட்டைவிரலை எங்கே வைப்பது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சந்தியா பொத்தானைத் தட்டினாள். அரை நிமிடத்தில் தோற்றாள்.

“இதுக்கா இவ்ளோ அலப்பற?” என்றாள்.

பழனிக்கு முகம் தொங்கிப்போனது. “கிளம்பலாமா?” என்றார்.

“இருங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

கைப்பையை அவரிடம் நீட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள்.