ஹாரன் அடிக்காத பஸ்

மகள் கிளாஸ்கோவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கழுத்தில் ஒரு கட்டி. எடுக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு தடவை தேதி கொடுத்துத் தள்ளிப் போட்டார்கள். மூன்றாவது தேதி வந்தபோது மருமகன் கப்பலில் நடுக்கடலில் இருந்தான். பேத்திக்கு மூன்றரை வயசு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும். அதற்காக என் வீட்டுக்காரி போனாள். அவளுக்குத் துணையாக நான் போனேன். தனியாக அவள் எங்கள் மலையடிவாரத்து வத்தலக்குண்டைத் தாண்டியதில்லை.

விசா பிந்தி வந்தது. கிடைத்த விமானம் லண்டன் வரைக்கும்தான். இறங்கியபோது சாயங்காலம். மறுநாள் காலை எட்டரைக்குள் மகள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ராத்திரி பஸ் ஏழு மணிக்குக் கிளாஸ்கோ போய்ச் சேரும். மகள் பிள்ளையோடு பஸ் நிலையத்தில் நிற்பாள். பிள்ளையையும் வீட்டுச் சாவியையும் எங்களிடம் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடுவாள். ஏற்பாடு அவ்வளவுதான். நாங்கள் போகாவிட்டால் ஆபரேஷன் இல்லை. அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நான் மலைமேல் தாண்டிக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டியவன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. வண்டியைப் பற்றி எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பு உண்டு.

அந்த பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. டிரைவர் ஒருத்தரே பெட்டியை வாங்கி பஸ் வயிற்றில் போட்டார், டிக்கெட்டைப் பார்த்தார், ஓட்டினார். ஒவ்வொரு சீட்டுக்கும் பெல்ட். பின்னால் கக்கூஸ், அதன் வாடை. வீட்டுக்காரி பையிலிருந்து வாந்தி மாத்திரையை எடுத்தாள்.

“இந்த ரோட்டுல ஒரு வளைவு இல்ல. இதுக்கு எதுக்கு மாத்திரை?” என்றேன்.

“உங்க ஜீப்புல முப்பது வருசம் வாந்தி எடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?”

போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் இல்லை. விமானத்திலும் தூங்கவில்லை. ரோடு கோடு போட்ட மாதிரி போனது. இருட்டு, லாரி, மறுபடி இருட்டு. கால் இரண்டும் வீங்கிவிட்டன.

மூன்று மணி சுமாருக்குப் பெரிய பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்றது. கடைகளும் கூடவே இருந்தன. டிரைவர் மைக்கில் என்னவோ சொன்னார். வீட்டுக்காரி பாதிக் கண்ணைத் திறந்தாள்.

“என்ன சொல்றாரு?”

“டீக்கு நிப்பாட்டுறாரு. நீ தூங்கு.”

“தூரமாப் போயிராதீங்க.”

“பெருமாள்மலை டீக்கடையில நிக்காத பஸ்ஸா? ஆரன் அடிப்பான், வந்துருவேன்.”

எங்கள் பக்கம் அப்படித்தான். டீக்கடையில் நிற்கும் வண்டி எதுவும் சும்மா கிளம்பாது. டிரைவர் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் ஜனம் கிளாஸை வைக்கும். அதற்குப் பிறகும் உள்ளே இருந்து ஒருத்தர் கத்துவார், பக்கத்து ஆள் வரவில்லை என்று. நானும் அடித்திருக்கிறேன். அதனால் மணி பார்க்கவில்லை. போன் சார்ஜில் கிடந்தது. அதையும் எடுக்கவில்லை. சீட்டை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது என்று கம்பளியைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தேன். அதன் மேல் என் மங்கி குல்லாவை மாட்டினேன். இறங்கினேன்.

கக்கூஸுக்குப் போய்விட்டு, மெஷினில் டீ பிடித்துக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தேன். குளிர் புதுசில்லை. பஸ் அங்கிருந்து தெரியாது. ஆனால் ஹாரன் கேட்கும். டீ ஆறியது. காலை நீட்டிக்கொண்டேன். ஹாரன் கேட்கவில்லை.

முன்பக்கம் வந்தபோது பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது.

ஓடவில்லை. ஓடி என்ன செய்ய? இன்னொரு பக்கம் நிறுத்தியிருப்பானோ என்று கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினேன். பிறகு வெளிச்சம் தெரிந்த பெட்ரோல் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும். என் முகத்தைப் பார்த்து, நான் வாயைத் திறக்கும் முன் தமிழிலேயே கேட்டார்.

“என்ன ஐயா, பஸ் விட்டிட்டுப் போட்டுதோ?”

இலங்கைத் தமிழர். விஷயத்தைச் சொன்னேன்.

“போன் நம்பர் ஏதும் பாடமோ?”

மனப்பாடம்தான். என் நம்பர் ஜீப்புக்குப் பின்னால் பெயிண்டில் எழுதியிருந்தது. வருஷக்கணக்காகப் பார்த்த நம்பர். இந்திய நம்பருக்கு முன்னால் என்ன சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். வெகுநேரம் அடித்தது. வீட்டுக்காரி எடுத்தாள்.

“யாரு?”

“நான்தான்.”

“எங்க இருந்து பேசுறீங்க? பின்னாடி கக்கூஸ்லயா?”

“நான் பஸ்ஸுல இல்ல.”

“என்ன வெளாட்டு இது? இந்தா பக்கத்துல…” என்றவள் பேச்சை நிறுத்தினாள். கம்பளியைத் தொட்டிருப்பாள்.

“டிரைவரு வெரல நீட்டித் தலைய எண்ணிக்கிட்டு வந்தாருங்க. நான் அரைத் தூக்கத்துல பாத்தேன். உங்க குல்லாவையும் சேத்துல்ல எண்ணிட்டுப் போயிருக்காரு!”

“வண்டியத் திருப்பச் சொல்லு.”

கவுண்டர்காரர் மறுப்பாகத் தலையாட்டினார். “திரும்பேலாது ஐயா. இந்த ரோட்டில நடுவில நிப்பாட்டவும் மாட்டாங்கள்.”

எனக்கு அடுத்துத் தோன்றியதைச் சொன்னேன்.

“இந்தா, அடுத்தாப்புல எங்க நின்னாலும் எறங்கிக்க. அங்கயே உக்காந்திரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“எறங்கினா? எட்டரைக்கு அவ உள்ள போகணும். புள்ளைய யாரு வாங்குறது?”

“உனக்கு ஒரு வார்த்தை இங்கிலீசு தெரியாது. அந்த ஊர்ல தனியா என்ன பண்ணுவ?”

“உங்களுக்குத் தெரிஞ்சுதான அங்க நிக்கிறீங்க.”

கவுண்டர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பாக இருக்கும்.

“நான் எறங்க மாட்டேன். அவ சோலி முதல்ல முடியட்டும். நீங்க வெரசா வர வழியப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்களுக்குள் போனை முதலில் வைக்கிறவன் நான்தான். அன்றைக்கு அவள் வைத்தாள்.

கவுண்டர்காரர் ஸ்டூல் போட்டார். பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றினார்.

“யோசிக்காதேங்கோ. அம்மா போய்ச் சேருவா.”

“தனியாப் போனதில்லைங்க.”

“இப்ப தனியாத்தானே போறா” என்றார்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “தோட்டத்துச் சனம் கனபேர் உங்கட மலைப்பக்கம் வந்தவை எல்லோ?” என்றார். ஆமாம் என்றேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து எங்கள் மலையில் குடியேறியவர்கள். காப்பிப் பழம் எடுக்க அவர்களை வெள்ளனே ஜீப்பில் ஏற்றிப் போனவன் நான். அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அவ்வளவு அசதி.

ஐந்தரைக்குக் கிளாஸ்கோ போகும் இன்னொரு பஸ் வந்தது. அவர் வெளியே போய் டிரைவரிடம் ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. டிரைவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசி சீட்டைக் காட்டினார். என் மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பெயரைக் கவுண்டர்காரர் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவரிடம் நன்றி சொன்னேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

கையில் போன் இல்லை. ஏழு மணி ஆனது. இறங்கியிருப்பாளா? எட்டு ஆனது. மகளைப் பார்த்திருப்பாளா? டிரைவருக்குப் பின்னால் ஒரு கடிகாரம் சிவப்பு எழுத்தில் ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே பச்சை மலை, ஆடுகள், மழை. எட்டரை ஆனதும் பார்ப்பதை விட்டுவிட்டேன். எதுவானாலும் அது நடந்து முடிந்திருக்கும்.

பத்து மணிக்கு முன்னால் கிளாஸ்கோ. நிலையத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெட்டிகள். மடியில் பேத்தி. பிள்ளை என்னைப் பார்த்ததும் அவள் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டது.

“போயிட்டாளா?”

“போயிட்டா. தேதிய மாத்திக்கிறேன்னு ஒரே அழுக. அப்பா எங்க நிக்கிறாருன்னு தெரியாம நான் எப்படிப் போயிப் படுப்பேன்னா. உங்கப்பா காலமெல்லாம் ரோட்டுல கெடந்த மனுசன், வந்துருவாரு, நீ போடின்னு டாக்சியில ஏத்தி விட்டேன்.”

“நேரத்துக்குப் போயிட்டாளாமா?”

“போன் பண்ணினா. ஊசி போடப் போறாங்களாம்.”

“சாவி வாங்கினேல்ல? வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?”

“போயிட்டா, நீங்க வந்து இங்க யாரத் தேடுவீங்க?”

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பு என்மேல்தான் என்று சொல்ல வேண்டும். எங்களுக்குள் அப்படிப் பேசிப் பழக்கம் இல்லை.

“சாப்பிட்டியா?” என்றேன்.

“புள்ள பிஸ்கட் தின்னுச்சு.”

“நீ?”

“ஏந்திரிங்க. போவோம்.”

மகள் எழுதிக் கொடுத்த விலாசத்தை அவளே டாக்சிக்காரரிடம் நீட்டினாள். நான் பெட்டிகளைத் தூக்கினேன். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஷூவைக் கழற்றவில்லை.

எழுப்பியபோது வெளியே வெளிச்சம் குறைந்திருந்தது. பிள்ளை சோறு தின்ற வாயோடு நின்று என்னைப் பார்த்தது.

“முடிஞ்சிருச்சாம். கூட வேலை பாக்குற கேரளத்துப் பொண்ணு பேசுச்சு. பாதி புரிஞ்சுச்சு. கண்ணு முழிச்சிட்டாளாம், தண்ணி கேட்டாளாம்.”

“என்னைய எழுப்பியிருக்கலாம்ல?”

“எழுப்பினேன். எங்க எந்திரிச்சீங்க? மூஞ்சியக் கழுவுங்க. அஞ்சு மணிக்குப் பாக்க விடுவாங்களாம்.”

ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ். எந்த நம்பர் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டு வைத்திருந்தாள். மழைத் தூறலில் மூன்று பேரும் நின்றோம். பஸ் வந்தது. என்னை முதலில் ஏறச் சொன்னாள். ஏறினேன். பிறகு பிள்ளையோடு அவள் ஏறினாள்.