நீலத்தின் மேல் மஞ்சள்

கலர் பென்சில் சீவும்போது எழும் மர வாசனை இன்றும் என்னைக் கலஹா தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கே கொண்டுபோய் விடுகிறது. தேயிலை மலையைத் தவிர வேறெதையும் வரையாத எனக்கும் அக்காவுக்கும், தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்த ஒரே பெட்டியில் பச்சைதான் முதலில் தேய்ந்து தீர்ந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, மறுநாள் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டிய படத்தில் நான் மலை முழுவதையும் நீலத்தால் நிரப்பினேன்.

"என்னாடி, மலைய கடலாக்கிட்ட?" என்று அக்கா தாளைப் பிடுங்க வந்தாள்.

"பொறுக்கா, இன்னும் மஞ்சள் போடல."

மஞ்சளை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, மழையில் நனைந்த கொழுந்தின் பச்சை அப்படியே எழுந்து வந்தது. அக்கா மழுங்கிய மஞ்சளை வாங்கிச் சீவித் தந்தாள்.

அந்த லயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். கண்டியில் என் படங்களைப் பார்க்க வருகிறவர்கள், இந்தப் பச்சை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அதன் பிறகு வாங்கிய எந்தப் பெட்டியிலும் பச்சையை மட்டும் நான் இன்றுவரை சீவியதே இல்லை.