வாசலில் கூப்பிட்ட பேர்

சென்னம்மா பிறந்தது மைசூர்ச் சீமையில், ஆனேக்கல்லில். வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு இந்தப் பக்கம், ஜவளகிரிக்கு. தீர்த்தகிரியின் நிலத்தில் அவளும் புருஷனும் கூலிக்கு உழைத்தார்கள். கேழ்வரகுக் கொல்லையில் குனிந்து களை எடுத்தவளை நீ எந்த ஊர்க்காரி என்று ஒரு நாயும் கேட்டதில்லை. 1952 தேர்தலில்தான் கேட்டார்கள்.

வாக்குச்சாவடியில் ஒரு கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி எழுந்தார்.

"இவ மைசூர்க்காரி சார். பேச்சே கன்னடம். இவளுக்கு இங்க ஏது ஓட்டு?"

"இங்க வாழ வந்தவளுக்கு இங்கதான் ஓட்டு!" எதிர்க்கட்சி ஏஜெண்டு வெங்கடப்பன் மேசையைத் தட்டினான்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். "உன் புருஷன் பேரைச் சொல்லும்மா. சரியா இருந்தா ஓட்டுப் போடலாம்."

சென்னம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். அன்றைக்கு அவன் குடிசையில் காய்ச்சலில் கிடந்தான்.

"பாத்தீங்களா? கட்டினவன் பேரே தெரியல," என்று தீர்த்தகிரி சிரித்தார்.

சென்னம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"தெனமும் விடியறதுக்கு முன்ன எங்க வாசல்ல நின்னு அவரு பேரைச் சொல்லி, ஏர் பூட்ட வாடான்னு கத்தறீங்களே சாமி, அந்தப் பேரை நீங்களே சொல்லுங்க."

அதிகாரி தீர்த்தகிரியின் பக்கம் திரும்பினார். வரிசையில் நின்ற பெண்களும் அவரையே பார்த்தார்கள். தெரியாது என்றால் ஊரே காறித் துப்பும்.

"திம்மராயன்," என்றார்.

பட்டியலிலும் அதே பேர்தான் இருந்தது. அதிகாரி ஓட்டுச் சீட்டை அவளிடம் நீட்டினார். அந்தப் பேரைத் தீர்த்தகிரி அதட்டாமல் சொன்னது அன்றைக்குத்தான்.